சாட்சிக் குழாய்

நொதிகளை ஆராய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களுக்கு விசித்திரமான ஒரு நிலைமை வாய்த்திருக்கிறது: ஆயுள் முழுவதும் எந்தப் பொருளைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறார்களோ, அந்தப் பொருளை அவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ஸம்னர், வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டும் வரையில், நொதி என்பது புரதப் பொருள்தானா என்பதே பண்டிதர்களிடையே விவாதத்தில் இருந்தது. ஒரு துளி ஸீரத்திலோ, அரைத்த ஈரலின் சாற்றிலோ இருக்கும் நொதி, மற்றப் புரதங்களின் கூட்டத்துக்குள் மறைந்து கிடக்கும் மிகச் சொற்பமான பொருள். அதைத் தனியே எடுத்துத் தராசில் நிறுப்பது அன்றாடக் காரியமன்று. சமையற்கட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பந்திக்குப் பண்டங்கள் வந்துசேரும் வேகத்தைக் கொண்டு ஊகிப்பதுபோல, ஒரு நிமிஷத்தில் எவ்வளவு மூலப்பொருள் மாறுதல் அடைந்தது என்று கணக்கிட்டு, இன்ன அளவு நொதி இருந்திருக்கவேண்டும் என்று நாங்கள் அநுமானம் செய்கிறோம். ஒரு நிமிஷத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றவல்ல நொதியின் அளவை ஒரு யூனிட் என்று சர்வதேச ரீதியில் வகுத்திருப்பதும் இது பற்றியே.

அநுமானத்தின்மேல் எழுந்த சாஸ்திரத்துக்கு இயல்பாகவே ஓர் அபாயம் உண்டு. குழாயில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது மெய். ஆனால் அதை நிகழ்த்தியது நொதிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? மூலப்பொருள் தானாகவே சிதைந்திருக்கலாம்; கண்ணாடியில் ஒட்டியிருந்த அழுக்கு நிறம் காட்டியிருக்கலாம்; நாம் தேடும் விளைபொருள் அரைத்த ஈரலில் முன்னதாகவே இருந்திருக்கலாம். இந்தச் சந்தேகங்களையெல்லாம் தீர்ப்பதற்காக, பரிசோதனைக் குழாய்க்குப் பக்கத்திலேயே மற்றொரு குழாய் வைக்கிறோம். எல்லாச் சரக்குகளும் அதிலும் உண்டு. நொதி மட்டும் இராது. அல்லது கொதிக்க வைத்துச் செயலற்றுப்போன நொதி இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் அதற்குப் பிளாங்க் என்று பெயர். எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியர் அதைச் சாட்சி என்றே குறிப்பிடுவார். இத்தனை வருஷ அநுபவத்தில் நான் தெளிந்த ஒரே விஷயத்தைச் சொல்லும்படி யாரேனும் கேட்டால், எங்கள் தொழிலின் நாணயம் முழுவதும் ஒன்றும் நிகழக்கூடாத அந்தக் குழாயில்தான் இருக்கிறது என்று சொல்வேன்.

கலாசாலைப் படிப்பை முடித்துச் சென்னையில் ஒரு வைத்தியக் கல்லூரியின் ரசாயனப் பரிசோதனைக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக நான் சேர்ந்தபோது, எனக்கு முதலில் இட்ட பணி கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது. பட்டம் பெற்றவளுக்கு இது ஏற்ற வேலைதானா என்ற எண்ணம் மனத்தில் எழுந்ததுண்டு. காரணம் பின்னால் விளங்கிற்று. நாங்கள் ஆராய்ந்த நொதிகளிற் பல, பாஸ்பேட் தொக்கி நிற்கும் பொருள்களிலிருந்து அந்தப் பாஸ்பேட்டை அறுத்து விடுபவை; அப்படி விடுபட்ட பாஸ்பேட்டை அளப்பதே எங்கள் அன்றாட வேலை. கடைகளில் விற்ற சலவைத் தூள்களிலோ பாஸ்பேட் தாராளமாகக் கலந்திருந்த காலம் அது. சோப்புத் தூளிட்டுக் கழுவிய குழாயில் நொதியே இல்லாவிட்டாலும் நீலநிறம் தோன்றிவிடும். ஆகையால் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கந்தகாமிலத்தில் கரைத்த செம்பழுப்பு நிறக் கலவையில் குழாய்களை இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் குழாய்த் தண்ணீரிலும் பிறகு வாலை வடித்த நீரிலும் பலமுறை அலசி எடுப்போம். அந்தக் கலவை ஒரு சொட்டுத் தெறித்தாலும் புடவையில் துளை விழும். அந்தக் கூடத்தில் வெகுகாலம் பணியாற்றிய முதிய அட்டெண்டர் ஒருவர், நான் அலசிய குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி முத்து முத்தா நின்னா இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம், அம்மா. ஒரே தாளா வழுக்கிக்கிட்டு இறங்கணும்" என்பார். எண்ணெய்ப் பசை அறவே நீங்கிய கண்ணாடியில்தான் நீர் அவ்வாறு படரும் என்ற பௌதிக நியமத்தை நான் புத்தகத்தில் படித்தது அதற்குப் பிறகுதான்.

பாஸ்பேட்டை அளக்க நாங்கள் கைக்கொண்ட முறை ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை. அமிலத்தில் பாஸ்பேட்டும் அம்மோனியம் மாலிப்டேட்டும் கூடும்போது ஒரு கூட்டுப்பொருள் உண்டாகிறது. அதன்மேல் ஒரு நாப்தால் ஸல்பானிக் அமிலச் சேர்மத்தைச் செலுத்தினால், அது நீலமாக மாறுகிறது. பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவுக்கு நீலமும் செறியும். நொதிக்கும் மூலப்பொருளுக்கும் குறித்த நேரம் 37 டிகிரி உஷ்ணத்தில் இடம் கொடுத்து, ட்ரைகுளோர் அசெடிக் அமிலத்தை ஊற்றி வேலையை நிறுத்தி, வடிகட்டிய நீரில் நிறம் எழுப்பி, கலரிமீட்டரில் அளவைப் படிக்கவேண்டும். நேரம் ஆக ஆக நீலம் மாறிக்கொண்டே வருமாதலால், ஒவ்வொரு குழாயும் சரக்கு ஊற்றிய கணத்திலிருந்து சம காலம் கழித்தே படிக்கப்படவேண்டும். ஒரு வரிசைக் குழாய்களுக்கு முப்பது விநாடி இடைவெளியில் சரக்கு ஊற்றி, அதே இடைவெளியில் படித்துக்கொண்டு போவது, தாளம் தவறாத ஒரு பயிற்சி. அப்போது பக்கத்தில் இருப்பவர் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

இம்முறைக்குத் தம் பெயரைத் தந்தவர்களில் ஒருவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னைக்கு அந்நியர் அல்லர். 1895-ஆம் ஆண்டில் ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், பிறகு சென்னை வைத்தியக் கல்லூரியிலும் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ரணசிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைக்கப்பெற்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் போதித்துவிட்டு, 1922-இல் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். அங்கே வயிற்றுப்பாட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் கீழ்நிலை ஊழியம் புரிந்துகொண்டே ஹார்வர்டில் ஸைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து உழைத்து, பாஸ்பேட்டை அளக்கும் இந்த முறையை 1925-இல் வெளியிட்டார். தசையில் சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போக்ரியேட்டினையும், உயிரணுக்களின் நாணயம் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஏ.டி.பி.யையும் அவ்விருவரும் கண்டெடுப்பதற்கு இந்த முறையே கருவியாயிற்று. பின்னாளில் லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து, யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் ஊர்களில் வழங்கப்படும் டையெதில்கார்பமஸைனும், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முதலாகச் சிறிது காலமேனும் சுகம் காட்டிய அமினாப்டெரினும் வெளிப்பட்டன. 1948-இல் தமது 53-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் நடந்த தாழ்வாரங்களின் ஊரில் அவர் வகுத்த முறையைக் கையாளுகிறோம் என்ற நினைவு, அலுப்பான நாட்களில் எனக்கு ஊக்கம் அளித்ததுண்டு.

ஈரலை அரைப்பது தனியொரு கலை. இரவு முழுவதும் பட்டினி வைத்த எலியின் ஈரலையே எடுப்போம். உண்ட எலியின் ஈரலில் கிளைகோஜன் நிறைந்திருந்து, உயிரணுவின் உள்ளுறுப்புகளைப் பிரிக்கும்போது குறுக்கிடும். எடுத்த ஈரலை ஐஸில் புதைத்த சர்க்கரைக் கரைசலில் அலசி, கண்ணாடிக் குழாயும் அதற்குள் இடைவெளியே தெரியாமல் பொருந்திச் சுழலும் குழவியும் கொண்ட ஹோமோஜினைசரில் இட்டு, குழாயை மெல்ல மேலும் கீழுமாக ஏற்றி இறக்கவேண்டும். அவசரப்பட்டால் நுரை பொங்கும். நுரையில் புரதம் கெடும். கை சூடு பட்டாலும் கெடும். உயிரணுவின் வெளிச்சவ்வு மட்டும் கிழிந்து, உள்ளுறுப்புகள் முழுமையாக வெளிவரவேண்டும் என்பதே நோக்கம். பிறகு சென்டிரிபியூஜில், புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு விசையில் சுழற்றினால் நியூக்ளியஸ்கள் அடியில் தங்கும். 10,000 மடங்கில் மைட்டோகாண்டிரியா தங்கும். ஒரு லட்சம் மடங்கில் அவற்றினும் நுண்ணிய துகள்கள் தங்கும். சென்னைக் கோடையில் மின்சாரம் நின்று குளிரறை வெதும்பத் தொடங்கினால், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஒரு ஜீவனின் உயிரை வாங்கிக்கொண்டு தொடங்கும் காரியமாதலால், சாட்சிக் குழாய் வைக்காமல் பரிசோதனை செய்வதை எங்கள் ஆசிரியர் சோம்பல் என்று சொல்லமாட்டார். பாவம் என்றே சொல்வார்.

இப்படி ஈரலை மென்மையாக அரைத்ததிலிருந்தே இந்தத் துறையின் மகத்தான கண்டுபிடிப்பு ஒன்று பிறந்தது. 1949-இன் இறுதியில் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கிறிஸ்தியான் த துய்வ் என்னும் வைத்தியரும் அவருடைய மாணவர்களும், இன்ஸுலின் ஈரலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியும் பொருட்டு ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதனோடு ஒப்பிடுவதற்காக மட்டும் அமில பாஸ்படேஸ் என்னும் வேறொரு நொதியையும் அளந்தார்கள். குழவியால் இதமாக அரைத்த ஈரலில் அந்நொதி, எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கே தென்பட்டது. மிச்சமிருந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, ஐந்து நாட்கள் கழித்து மறுபடியும் அளந்தபோது, நொதி முழு அளவில் வெளிப்பட்டது! நாள்பட்டால் நொதி குறையும் என்பதே உலகம் அறிந்த வழக்கம். கூடியதாக யாரும் கேட்டதில்லை. கை தவறியிருக்கும் என்று கொட்டிவிட்டு, அவர்கள் இன்ஸுலின் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நொதி ஏதோ ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கவேண்டும், பை நாளடைவில் பழுதடைந்ததும் வெளிவந்திருக்கவேண்டும் என்று தர்க்கித்து, அந்தப் புதிரின் பின்னாலேயே சென்றார்கள். உயிரணுவின் கழிவுகளையும் பழம்பொருள்களையும் செரித்து அழிக்கும் நொதிகள் அடங்கிய அந்தப் பைக்கு 1955-இல் லைஸோஸோம் என்று பெயரிட்டார்கள். 1974-இல் த துய்வுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தன் குழாய்களில் குற்றமில்லை என்று உறுதி செய்துகொண்டவனுக்கே, விபரீதமான ஓர் எண்ணைக் கண்டதும் குற்றம் ஈரலில் இல்லை, தன் கொள்கையில்தான் இருக்கிறது என்று எண்ணும் தைரியம் வரும் என்பது என் அபிப்பிராயம்.

லைஸோஸோம் வெறும் ஆராய்ச்சி விநோதமாக நின்றுவிடவில்லை. 1932-இல் ஹாலந்து தேசத்து நோய்க்குறியியல் அறிஞர் போம்பே, இருதயம் அபரிமிதமாகப் பெருத்து இறந்த ஒரு சிசுவின் தசைகளில் கிளைகோஜன் மிதமிஞ்சிக் குவிந்திருப்பதைக் கண்டு எழுதியிருந்தார். காரணம் முப்பது வருஷங்களுக்கு மேல் தெரியாமல் இருந்து, 1963-இல் அதே லூவேன் நகரில் ஆன்ரி ஹெர்ஸ் ஆராய்ந்தபோது வெளியாயிற்று: லைஸோஸோமுக்குள் இருந்து கிளைகோஜனை அறுக்கவேண்டிய அமில மால்டேஸ் என்னும் நொதி அக்குழந்தைகளிடம் இல்லை. ஒரு பைக்குள் ஒரு நொதி இல்லாமற் போனால், பை நிரம்பி, உயிரணு வீங்கி, உறுப்பு செயலிழந்து, உயிர் போகிறது என்ற சங்கிலி முழுவதும் அன்று துலங்கிற்று. 1965-இல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடியும் அவர் குழுவினரும், மண்ணீரலும் ஈரலும் பெருத்து எலும்பு நொறுங்கும் கோஷே நோய்க்கும் இவ்வாறே ஒரு நொதிக்குறை காரணம் என்று காட்டினார்கள். இத்தகைய நோய்கள் இன்று ஐம்பதுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன.

என் தொழில் வாழ்க்கையின் பிற்பகுதி இந்நோய்களை ரத்தத்தின் வெள்ளணுக்களில் கண்டறிவதில் கழிந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் இவற்றிற் பெரும்பாலானவை தோன்றும். ஆகையால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்த நம் நாட்டில் இவற்றைச் சந்திக்கும் சந்தர்ப்பம் அதிகம். ஜில்லா ஆஸ்பத்திரிகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் ஐஸ் பெட்டியில் ரத்தம் வந்து சேரும். வழியில் ஐஸ் உருகியதா, வண்டி வெயிலில் நின்றதா என்பதை யார் அறிவார்? நொதி குறைவு என்று கருவி காட்டினால், குறைந்தது குழந்தையின் உடம்பிலா, ரயில் பெட்டியிலா என்று தீர்மானிக்கவேண்டிய பொறுப்பு எங்களுடையது. அதற்காக இரண்டு நியமங்களை விடாமல் கைக்கொண்டோம். நோயாளியின் ரத்தத்தோடு, உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே வேளையில் எடுத்து அதே பெட்டியில் அனுப்பவேண்டும் என்பது ஒன்று. சந்தேகிக்கும் நொதியோடு, சந்தேகத்துக்கு இடமில்லாத மற்றொரு நொதியையும் அதே அணுக்களில் அளக்கவேண்டும் என்பது இரண்டாவது. எல்லாம் சேர்ந்து குறைந்திருந்தால் பிழை வழிப்பயணத்தினுடையது; மற்றவை செம்மையாக இருக்க ஒன்று மட்டும் இல்லாவிட்டால், அப்போதுதான் நோய். ஏதோ ஓர் ஊரில் யாருக்கு என்ன வியாதி என்றுகூடத் தெரியாமல் கை நீட்டிய கம்பவுண்டரோ பள்ளி ஆசிரியரோ தந்த ரத்தம், எத்தனையோ குழந்தைகளைத் தவறான தீர்ப்பிலிருந்து காத்திருக்கிறது.

போம்பே நோயில் இவ்விரண்டு நியமங்களும் போதவில்லை. வெள்ளணுக்களில் ஒரு பகுதியான நியூட்ரோபில்களுக்குள் அமிலத்தில் அதே வேலையைச் செய்யும் வேறொரு நொதி இருக்கிறது. மெய்யான நொதி அடியோடு இல்லாத குழந்தையின் ரத்தத்திலும் அது வேலை செய்து, குழாயில் ஒளியை எழுப்பி, நோயில்லை என்று பொய் சொல்லிவிடும். இதனால் நெடுங்காலம் தசைத் துணுக்கையோ, தோலிலிருந்து வளர்த்தெடுத்த உயிரணுக்களையோ நாடவேண்டியிருந்தது. தோல் அணுக்கள் வளர வாரக்கணக்கில் ஆகும். குழந்தையோ பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டாது. சர்க்கரை நோயாளிகள் உணவோடு உட்கொள்ளும் அகார்போஸ் என்னும் மருந்து, அந்தப் போலி நொதியை மட்டும் கட்டிப்போட்டு, மெய்யான நொதியைப் பெரும்பாலும் விட்டுவிடும் என்று தெரியவந்தபின், ஒரே நாளில் விடை கிடைக்கலாயிற்று. மாத்திரைக் கடையில் கிடைக்கும் மருந்து ஒன்று இவ்வாறு பரிசோதனைக்கூடத்தில் உபகாரியாக வந்ததை நினைத்து நான் வியந்ததுண்டு.

சாதாரண ஆஸ்பத்திரிப் பரிசோதனைகளிலும் இந்த எச்சரிக்கைக்கு இடம் உண்டு. ரத்தம் உறையாதிருக்கும் பொருட்டுச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. உப்பு, கார பாஸ்படேஸுக்கு இன்றியமையாத துத்தநாகத்தையும் மக்னீஸியத்தையும் கவர்ந்துகொள்வதால், அந்தக் குழாயில் எடுத்த ரத்தத்தில் அந்நொதி இல்லாததுபோலவே தோன்றும். ஜி6பிடி என்னும் நொதி சிவப்பணுக்களில் குறைந்தவர்களுக்கு, மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவினோ தொழுநோய்க்குத் தரும் டாப்ஸோனோ பட்டால் அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும். அவ்வாறு உடைந்த சமயத்திலேயே ரத்தத்தைச் சோதித்தால், நொதி குறைந்த கிழ அணுக்கள் அழிந்துபோய், நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால், விடை சரியாக இருப்பதாகத் தோன்றிவிடும். சில வாரங்கள் பொறுத்து மறுபடி சோதிப்பதே விவேகம்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோரைச் சந்திப்பதே இத்தொழிலில் கடினமான பகுதி. வைத்தியர் சொல்லவேண்டிய செய்தியே எனினும், காகிதத்தை வாங்க வரும் தகப்பனார் கூடத்து வாயிலில் நின்றபடி, "அம்மா, இதுக்கு மருந்து ஏதாச்சும் உண்டா?" என்று கேட்கும்போது மௌனமாக இருக்க முடிவதில்லை. ஆரம்ப வருஷங்களில் மருந்து இல்லை என்பதே உண்மை. 1991-இல் கோஷே நோய்க்கு, மனித நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து பிரித்தெடுத்த நொதியையே அதன் சர்க்கரைத் தொங்கல்களைத் திருத்தி மருந்தாக அளிக்கலாமென்று அமெரிக்க அரசு அனுமதித்தது. 2006-இல் போம்பே நோய்க்கும், ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் உயிரணுக்களில் உற்பத்தி செய்த நொதி வந்தது. விலையோ சாமானியக் குடும்பம் கனவிலும் எட்டாதது. 2021-இல் மத்திய சர்க்கார் அரிய நோய்களுக்கென்று ஒரு கொள்கையை வகுத்து உதவித்தொகை ஏற்படுத்தியிருப்பது ஒரு தொடக்கம். ஆயுள் முழுவதும் ஏற்றவேண்டிய மருந்துக்கு அது போதாது. மருந்து எட்டாத இடத்திலும் எங்கள் விடை வீண் போனதில்லை. அடுத்த பிள்ளை கருவில் இருக்கும்போதே சோதித்தறிய அது வழி காட்டிற்று. என்ன நோயென்றே தெரியாமல் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து, ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, யார்மேலும் குற்றமில்லை என்ற ஆறுதலையாவது அது தந்தது.

இன்று நொதியை அளக்கும் வேலையை யந்திரங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. சரக்குகள் பெட்டியில் அடைத்து வருகின்றன. காய்ந்த ரத்தத் துளி ஒன்றிலிருந்து பல நொதிகளை ஒரே சமயத்தில் அளந்து எண்களைத் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். நாங்கள் குழாய்களை ஊறவிட்ட குரோமிக் அமிலத் தொட்டியின் அபாயத்தை அறிந்து பலர் அதை ஒழித்தும் விட்டார்கள். இவையெல்லாம் நல்ல மாறுதல்களே. பழைய சிரமங்களுக்காக நான் ஏங்கவில்லை. ஆனால் எண் அழகாக அச்சாகி வரும்போது அதைச் சந்தேகிக்கும் பழக்கம் குறைந்துவிடுகிறது. யந்திரமும் தன் பிளாங்கைத் தானே கழித்துக் காட்டுகிறது. அந்தப் பிளாங்க் நேற்றைவிட இன்று ஏன் உயர்ந்தது என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆகையால் இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இது. யந்திரத்தைத் திறம்பட இயக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு, வேலை தொடங்கிய சில மாதங்களாவது, குழாய்களை உங்கள் கையால் கழுவி, சரக்குகளை நீங்களே கலக்கி, நொதியில்லாத குழாயின் எண்ணை ஒவ்வொரு நாளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனியே எழுதி வாருங்கள். அந்தப் பக்கங்களைப் பிரசுரிக்க எந்தப் பத்திரிகையும் கேட்காது. ஆயினும் ஒரு குழந்தைக்கு நோய் உண்டு அல்லது இல்லை என்று நீங்கள் கையெழுத்திடும் நாளில், உங்கள் கையெழுத்தை நம்பலாமா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே தீர்மானிக்கும்.